சிஸ்டைன் கூரையை விடுங்கள், சுவரைப் பாருங்கள்: போப்புகள் கலையை வளர்த்தார்களா, வேலைக்கு வைத்தார்களா?

சுவர்ப்பல்லி

சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் நுழைகிறவர்கள் கழுத்து வலிக்க மேலே பார்க்கிறார்கள். பக்கச் சுவர்களைப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இடைக்கால, மறுமலர்ச்சிக்கால போப்புகள் கலையின் புரவலர்கள் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. கலையை அவர்கள் வளர்க்கவில்லை, தங்கள் அரசியலுக்கு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி. சான்று அந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது.

கதை 1473இல் ஆரம்பிக்கிறது. போப் நான்காம் சிக்ஸ்டஸ் தன் சகோதரி மகன் ஜிரோலாமோ ரியாரியோவுக்காக இமோலா நகரை வாங்க நினைத்தார். விலை சுமார் 40,000 டுகாட் (அன்றைய தங்க நாணயம்). போப்பின் வங்கியாளர்களான புளோரன்ஸ் மெடிச்சி குடும்பம் கடன் தர மறுத்தது. அதே ஊரின் போட்டி வங்கி, பாட்சி குடும்பம், கொடுத்தது. அப்புறம் போப்பின் கணக்கும் பாட்சி கைக்குப் போனது.

1478 ஏப்ரல் 26, ஞாயிறு. புளோரன்ஸ் பேராலயத்தில் பூசை நடக்கும்போதே ஜூலியானோ மெடிச்சியைக் குத்திக் கொன்றார்கள். அண்ணன் லொரென்சோ கழுத்தில் காயத்தோடு பக்கத்து அறைக்குள் ஓடித் தப்பினார். சதியில் இருந்த பீசா பேராயர் சல்வியாத்தியை அன்றைக்கே அரசு மாளிகையின் ஜன்னலில் தூக்கிலிட்டார்கள். சதிகாரர்கள் தூக்கில் தொங்கும் உருவங்களை நகரச் சுவரில் வரைய அரசு ஓர் ஓவியரை அமர்த்தியது. அவர் பெயர் சாண்ட்ரோ பொட்டிச்செல்லி.

போப் லொரென்சோவைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். புளோரன்ஸ் முழுவதற்கும் வழிபாட்டுத் தடை போட்டார். நேப்பிள்ஸ் மன்னரோடு சேர்ந்து படையும் அனுப்பினார். 1480இல் சமாதானம் வந்தபோது அந்தச் சுவரிலிருந்த பேராயரின் உருவத்தை அழிக்கச் சொன்னார்கள், அழித்தார்கள்.

அடுத்த ஆண்டு அதே பொட்டிச்செல்லி ரோமில் இருக்கிறார், போப்பின் புதிய சிற்றாலயத்தில், போப்பின் கூலிக்கு. அங்கே அவர் வரைந்தவற்றில் ஒன்று கோராகுவின் தண்டனை. ஆரோனின் குருத்துவத்தை எதிர்த்துக் கிளம்பியவர்களைப் பூமி விழுங்கிய கதை. படத்தில் ஆரோன் தலையில் இருப்பது போப்பின் மும்முடி. பின்னால் கான்ஸ்டன்டைன் வளைவு. அதன் மேல் எபிரேயர் மடலிலிருந்து ஒரு வரி: ஆரோனைப் போலக் கடவுள் அழைத்தாலன்றி யாரும் இந்த மதிப்பைத் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்ச் சுவரில், சரியாக நேர் எதிரே, முதல் போப்பாகக் கருதப்படும் பேதுருவுக்குக் கிறிஸ்து விண்ணகத் திறவுகோல் கொடுக்கும் பெருஜினோவின் ஓவியம். அதிலும் இரண்டு வளைவுகள். அவற்றின் எழுத்து சாலமோனையும் சிக்ஸ்டஸையும் ஒப்பிட்டு, செல்வத்தில் இவர் குறைந்தாலும் பக்தியில் விஞ்சியவர் என்கிறது.

இதைப் புரவலர் வேலை என்கிறீர்களா? எனக்கு இது தேர்தல் நேரத்துச் சுவர் எழுத்துதான். எழுதியவர் கை நன்றாக இருந்தது, அவ்வளவே.

மணியோசை

பல்லி சார், நீங்கள் வரிசையாக அடுக்கிய நிகழ்ச்சிகளை நான் மறுக்கவில்லை. அடுக்கிய விதத்தைத்தான் மறுக்கிறேன்.

முதலில் பாட்சி சதி. சதியில் சேர்ந்த படைத்தலைவர் மொன்டெசெக்கோ கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. புளோரன்ஸில் ஆட்சி மாறட்டும், ஆனால் யாரும் சாகக் கூடாது என்று திருத்தந்தை சொன்னதாகத்தான் அவர் சொல்கிறார். அது நல்ல நிலைப்பாடு என்று நான் வாதாட வரவில்லை. கத்தியோடு வந்தவர்களிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் 'கொலை செய்துவிட்டு அதை ஓவியத்தால் மூடினார்' என்று ஒரே கோடாக இழுக்க முடியாது.

இரண்டாவது, கோராகு ஓவியம் லொரென்சோவைப் பற்றியதா? 1378 முதல் 1417 வரை மேலைத் திருச்சபை உடைந்து கிடந்தது. ஒரு கட்டத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் நான்தான் திருத்தந்தை என்றார்கள். கான்ஸ்டன்ஸ் நகரில் ஆயர்களின் பொதுச்சங்கம் கூடித்தான் அதைத் தீர்த்தது. அந்தச் சங்கமே 1415இல் ஒரு தீர்மானம் போட்டது: பொதுச்சங்கத்துக்குத் திருத்தந்தையும் கட்டுப்பட்டவர். அன்றிலிருந்து யார் பெரியவர் என்ற கேள்வி எரிந்துகொண்டே இருந்தது. 1460இல் இரண்டாம் பயஸ், திருத்தந்தையின் முடிவை எதிர்த்துச் சங்கத்திடம் முறையிடக் கூடாது என்று தடை போட்டார். சுவர் வேலை நடந்துகொண்டிருந்த 1482இல்கூட ஒரு பேராயர் பாசெல் நகரில் புதிய சங்கத்தைக் கூட்டுவதாக அறிவித்தார். கோராகு கதை அந்தச் சண்டைக்கான பதில். அதில் அரசியல் இருக்கிறது, ஆனால் அது திருச்சபையின் அமைப்பைப் பற்றிய இறையியலும்கூட. அந்தக் காலத்தவருக்கு இரண்டும் வேறுவேறு அலமாரியில் இல்லை.

அப்புறம், சிக்ஸ்டஸ் என்றால் சதி மட்டும்தானா? வத்திக்கான் நூலகத்துக்கு 1475இல் முறையான அமைப்பும் வருமானமும் கொடுத்தவர் அவர். 1471இல் பழைய ரோமானிய வெண்கலச் சிலைகளை ரோம் மக்களுக்கே என்று கேப்பிட்டோலின் குன்றில் வைத்தவர் அவர். சாந்தோ ஸ்பிரிட்டோ மருத்துவமனையைப் புதிதாகக் கட்டியவரும், இன்றும் மக்கள் நடக்கும் சிஸ்டோ பாலத்தைத் திபெர் ஆற்றின் மேல் போட்டவரும் அவரே. பாலத்தில் எந்தப் பிரச்சாரம் இருக்கிறது?

வழிப்போக்கன்

பாலத்தில் அவர் பெயர் இருக்கிறதே, மணி அண்ணே.

மணியோசை

சரி, பெயர் இருக்கிறது. பொட்டிச்செல்லியின் 'ஞானியர் வணக்கம்' ஓவியத்தில் குழந்தை இயேசுவின் காலடியில் மண்டியிடுவது யார்? கோசிமோ மெடிச்சி. பின்னால் அவர் வீட்டு ஆண்கள். காசு கொடுத்தவன் படத்துக்குள் வருவது அந்தக் காலத்து வழக்கம். வங்கியாளர் செய்தால் அழகுணர்ச்சி, திருத்தந்தை செய்தால் பிரச்சாரமா?

சுவர்ப்பல்லி

வங்கியாளர் தன்னைப் பேதுருவின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளவில்லை. வித்தியாசம் அங்கேதான். மெடிச்சி குடும்பம் படத்துக்குள் வந்தால் அது பெருமை. போப் வந்தால் அது உரிமைப் பத்திரம்.

பத்திரம் என்று சொன்னதால் ஒன்றைச் சொல்கிறேன். ரோமில் சாந்தி குவாத்ரோ கொரொனாத்தி என்ற பழைய கோயில் உண்டு. அதில் புனித சில்வெஸ்தர் சிற்றாலயம் 1246இல் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் போப் நான்காம் இன்னசென்ட் லியோன் சங்கத்தில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கைப் பதவி நீக்கியதாக அறிவித்திருந்தார். சண்டை உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் சிற்றாலயச் சுவரில் என்ன வரைந்தார்கள்? பேரரசர் கான்ஸ்டன்டைன் போப் சில்வெஸ்தருக்கு மண்டியிட்டு முடியைக் கொடுக்கிறார். அடுத்த கட்டத்தில் போப் குதிரை மேல் வர, பேரரசர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதிரைக்காரனாக முன்னே நடக்கிறார்.

இந்தக் 'கான்ஸ்டன்டைனின் கொடை' பொய்ப் பத்திரம். மேற்கு நாடுகளின் ஆட்சியைக் கான்ஸ்டன்டைன் போப்புக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் ஆவணம், ஆனால் அவர் காலத்துக்கு நான்கைந்து நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டது. 1440இல் மொழியறிஞர் லொரென்சோ வல்லா அதன் லத்தீன் நடையை வைத்தே அதைக் கிழித்துப் போட்டார். 1246இல் வரைந்தவர்களுக்கு அது பொய் என்று தெரியாது, விட்டுவிடலாம். ஆனால் வத்திக்கான் அரண்மனையில் கான்ஸ்டன்டைன் மண்டபம் என்று ஒன்று இருக்கிறதே! ரஃபேல் 1520இல் இறந்த பிறகு அவருடைய சீடர்கள் 1524இல் முடித்தது. அதில் ஒரு சுவர் முழுக்க அதே கொடைக் காட்சி. சில்வெஸ்தருக்குக் கொடுத்திருக்கும் முகம் அப்போதைய போப் ஏழாம் கிளெமென்ட்டின் முகம். வல்லா எழுதி 80 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் நூலை ஜெர்மனியில் அச்சிட்டுப் பரப்பிக்கொண்டிருந்த காலம். படித்தவர்கள் சிரிக்கும் ஒரு பத்திரத்தை மிகச் சிறந்த ஓவியக் கூடத்தை வைத்துச் சுவரளவுக்கு வரைய வைத்தார்கள்.

வாதத்தில் தோற்ற பிறகும் சுவரில் ஜெயிக்கலாம் என்று நினைத்தவர்கள். கலை எதற்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மணியோசை

வல்லாவின் கதையை ஏன் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்? அந்த வல்லாவை எரித்தார்களா, சிறையில் போட்டார்களா? திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் ரோமுக்கு அழைத்து வேலை கொடுத்தார், கிரேக்க நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவரப் பணம் கொடுத்தார். வல்லா திருத்தந்தையின் செயலகத்தில் பணியாற்றித்தான் இறந்தார். தன் சொத்துப் பத்திரத்தைப் பொய் என்று நிரூபித்தவனுக்குச் சம்பளம் கொடுத்த வேறு அரசர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தூரிகை

இரண்டு பேரும் போப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். தூரிகை பிடித்தவனைப் பற்றி யாராவது பேச வேண்டாமா? நான் ஓவியம் கற்றுக்கொடுக்கிறவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இரண்டாம் ஜூலியஸையும் மைக்கேலாஞ்சலோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1505இல் தனக்கு ஒரு பிரம்மாண்டக் கல்லறை வேண்டும் என்று ஜூலியஸ் கேட்டார். 40 சிலைகள். பளிங்கு வெட்ட மைக்கேலாஞ்சலோ காராரா மலையில் மாதக்கணக்கில் கிடந்தார். திரும்பி வந்தால் போப்பின் மனம் மாறிவிட்டது, புதிய பேதுரு பேராலயத்தில் இறங்கிவிட்டார். பளிங்குக்குக் காசு கேட்கப் போன மைக்கேலாஞ்சலோவை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். 1506 ஏப்ரல் 17 அன்று அவர் ரோமைவிட்டு ஓடிவிட்டார். மறுநாள்தான் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். போப் குதிரை வீரர்களைப் பின்னால் அனுப்பினார், வரவில்லை. கடைசியில் அந்த நவம்பரில், ஜூலியஸ் படையோடு போய்ப் பிடித்திருந்த பொலோனியாவில், போய் மன்னிப்புக் கேட்டார். கழுத்தில் கயிற்றோடு போனேன் என்று பின்னாளில் கடிதத்தில் எழுதினார்.

இதுவரை பல்லியின் பக்கம்தான் பேசுகிறேன். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். சிஸ்டைன் கூரைக்கு ஜூலியஸ் முதலில் கேட்டது பன்னிரண்டு திருத்தூதர்கள், மீதி இடத்தில் அலங்காரம். போப் அரசியலுக்கு அது போதும். பேதுரு இருப்பார், மற்றவர் சுற்றி இருப்பார்கள். அது ஏழ்மையாக இருக்கும் என்று மைக்கேலாஞ்சலோ சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, அவர்களே ஏழைகளாக இருந்தவர்கள்தானே என்றாராம். அப்படியென்றால் உனக்குத் தோன்றியதைச் செய் என்று போப் விட்டுவிட்டார். இதுவும் மைக்கேலாஞ்சலோ எழுதிய கடிதத்தில் இருப்பதுதான்.

விளைவாக 1512இல் திறந்தபோது அந்தக் கூரையில் என்ன இருந்தது? பேதுரு இல்லை. திறவுகோல் இல்லை. படைப்பு, வீழ்ச்சி, வெள்ளம், குடித்துவிட்டுக் கிடக்கும் நோவா, இறைவாக்கினர், அவர்களுக்குச் சமமாக உட்கார்ந்திருக்கும் கிறித்தவரல்லாத குறிசொல்லும் பெண்கள். ஜூலியஸின் பங்கு? அவருடைய குடும்பச் சின்னமான ஓக் இலையும் கொட்டையும் அங்கங்கே. செக்கரியா முகத்தில் ஜூலியஸ் சாயல் என்று சிலர் சொல்கிறார்கள், அதுவும் சாயல்தான்.

சிக்ஸ்டஸ் சுவரைப் பற்றிப் பல்லி சொன்னது சரி. ஆனால் அதற்கு மேலே 20 மீட்டர் உயரத்தில், அவருடைய அண்ணன் தம்பி வீட்டுப் பிள்ளையான ஜூலியஸே கொடுத்த வேலையில், ஓவியன் கட்டளையைத் தாண்டிப் போய்விட்டான். அந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் 'கலையை வேலைக்கு வைத்தார்கள்' என்றால் வரலாறு பாதிதான் கிடைக்கும்.

சுவர்ப்பல்லி

தூரிகை, மைக்கேலாஞ்சலோ விதிவிலக்கு. அதே ஜூலியஸ், அதே ஆண்டுகள், சில அறைகள் தள்ளி ரஃபேல் என்ன வரைந்துகொண்டிருந்தார்? கோயில் கருவூலத்தைக் கொள்ளையடிக்க வந்த ஹெலியோதோரைக் குதிரை வீரன் மிதித்துத் துரத்துகிறான். அந்த யூதர் காலத்துக் காட்சிக்குள் பல்லக்கில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர் ஜூலியஸ். பிரெஞ்சுக்காரர்களை இத்தாலியிலிருந்து விரட்ட அவர் கூட்டணி கட்டிக்கொண்டிருந்த நேரம். திருச்சபைச் சொத்தில் கை வைத்தால் இதுதான் கதி என்று படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

மைக்கேலாஞ்சலோவையும் பொலோனியாவில் சும்மா விடவில்லையே. மன்னிப்புக் கொடுத்த கையோடு, பிடித்த ஊரில் வைக்கத் தன் வெண்கலச் சிலை ஒன்றைச் செய்யச் சொன்னார். ஆளைவிடப் பெரிய சிலை. இடது கையில் புத்தகம் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, வாளை வை, எனக்குப் படிப்பு வராது என்று போப் சொன்னதாக வரலாறு எழுதியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். 1508இல் சான் பெத்ரோனியோ கோயில் வாசலுக்கு மேலே ஏற்றினார்கள். 1511இல் பழைய ஆட்சியாளர்கள் திரும்பி வந்ததும் மக்கள் கீழே இழுத்து உடைத்தார்கள். உலோகத்தை ஃபெராரா கோமகன் அல்போன்சோ வாங்கிப் பீரங்கியாக வார்த்து, 'லா ஜூலியா' என்று பேர் வைத்தார். பொலோனியாக்காரர்களுக்கு அது மைக்கேலாஞ்சலோவின் சிற்பமாகத் தெரியவில்லை. தங்கள் ஊரைப் பிடித்தவனின் முத்திரையாகத் தெரிந்தது. கலை வரலாற்றாளர்களைவிட அவர்கள் சரியாகப் படித்தார்கள் என்பேன்.

வழிப்போக்கன்

67 வயதில் பனியில் மிராண்டோலா கோட்டை முற்றுகைக்குப் போய், உடைந்த மதிலில் ஏணி வைத்து ஏறி உள்ளே போன போப் இவர்தானே? அவர் கையில் புத்தகம் வைத்திருந்தால்தான் பொய்.

கணக்குப்பிள்ளை

இழையில் காசு பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் வந்தேன்.

இமோலாவுக்கு 40,000 டுகாட் என்று பல்லி எழுதியிருக்கிறார். சிஸ்டைன் கூரை முழுவதற்கும் மைக்கேலாஞ்சலோவுக்குப் பேசிய தொகை 3,000 டுகாட். ஒரு சின்ன நகரத்தின் விலையில் பதின்மூன்று கூரை வரையலாம். பிற்பாடு பத்தாம் லியோ அதே சிற்றாலயத்துக்கு ரஃபேல் வரைபடத்தில் பிரஸ்ஸல்ஸில் நெய்யச் சொன்ன திரைச்சீலைகளுக்கு ஆன செலவு கூரையைப் போல ஐந்து மடங்கு. பட்டும் தங்க இழையும் அன்று சாயத்தைவிட மதிப்பு. நாம் இன்று தலைமேல் வைத்துக் கொண்டாடும் சுவரோவியம் அவர்கள் கணக்கில் மலிவான வேலை.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். 1460களின் தொடக்கத்தில் ரோமுக்கு வடமேற்கே தோல்ஃபா மலையில் படிகாரம் கிடைத்தது. துணிக்குச் சாயம் பிடிக்கப் படிகாரம் வேண்டும், அதுவரை பெரும்பகுதி துருக்கியர் கையில் இருந்த பகுதிகளிலிருந்து வந்தது. போப்புகள் உடனே அதைத் தனியுரிமை ஆக்கினார்கள். 1466இல் மெடிச்சி வங்கி அந்த ஒப்பந்தத்தை எடுத்தது. துருக்கியரிடம் படிகாரம் வாங்கினால் திருச்சபை விலக்கு என்று மிரட்டல் வேறு. வருமானம் சிலுவைப் போருக்கு என்று அறிவிப்பு. பாவ புண்ணியத்தை வைத்துச் சந்தையைப் பிடித்த விதம் அது. அதற்கு மேல் பதவி விற்பனை: செயலர், எழுத்தர் என்று புதுப்புதுப் பதவிகளை உருவாக்கி விற்பது. வாங்கியவருக்கு ஆயுள் முழுவதும் வருமானம், போப்புக்கு மொத்தமாக முன்பணம். இன்றைய கடன் பத்திரத்துக்குத் தாத்தா.

பேதுரு பேராலயம் வேறு ரகம். அது மலிவு இல்லை. 1515இல் மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் பதவிக்குக் கட்ட வேண்டிய தொகைக்காக ஃபுக்கர் வங்கியில் கடன் வாங்கியிருந்தார். அதை அடைக்க, அவர் பகுதியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்க லியோ அனுமதி கொடுத்தார். வசூலில் பாதி பேராலயத்துக்கு, பாதி ஃபுக்கருக்கு. வாங்கியவர்களுக்குப் பாதிதான் தெரியும். 1517இல் இந்தச் சீட்டு விற்பனையை எதிர்த்து லூதர் என்ன எழுதினார் என்று எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

என் கேள்வி இது: கலைக்கான செலவு அரசியல் செலவில் சில்லறை என்றால், 'கலையால் ஆட்சி செய்தார்கள்' என்ற பல்லியின் வாதம் எவ்வளவு தாங்கும்? ஆட்சி செய்தது படிகாரமும் கடனும் கூலிப்படையும்.

சுவர்ப்பல்லி

மலிவாகக் கிடைத்ததால்தான் அவ்வளவு வாங்கினார்கள். படை போனால் கலைந்துவிடும், சுவர் நிற்கும்.

மணியோசை

இழை முழுவதும் மறுமலர்ச்சிக்காலத்தில் நிற்கிறது. இடைக்காலத்துக்குக் கொஞ்சம் போகலாமா? ஏனென்றால் அரசியல் என்றாலே அழுக்கு என்று நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

ஏழாம் கிரகோரியைப் பாருங்கள். ஆயர்களை யார் நியமிப்பது என்பதுதான் சண்டை. அரசன் தனக்கு வேண்டியவனை ஆயராக்கினால் திருச்சபை நிலமெல்லாம் அரசன் சட்டைப் பையில். 1077 ஜனவரியில் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் வெறுங்காலோடு நின்றார். அரசனுக்கு மேலும் ஒரு நீதி இருக்கிறது என்று ஐரோப்பா கண்ணால் பார்த்த நாள் அது. 1122இல் வோர்ம்ஸ் உடன்படிக்கையில் மோதிரமும் கோலும் திருச்சபை கொடுக்கும், உலக அதிகாரத்துக்கான செங்கோலை மன்னர் கொடுப்பார் என்று பிரித்தார்கள். அதிகாரத்தை இரண்டாகப் பிரிக்கலாம் என்ற எண்ணமே அங்கிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. திருத்தந்தையர் அரசியலில் இறங்காமல் இருந்திருந்தால் மன்னர்களைக் கேட்க யார் இருந்தார்கள்?

சுவர்ப்பல்லி

கனோசாவோடு கதை முடியவில்லையே. ஹென்றி திரும்பி வந்து 1084இல் ரோமைப் பிடித்து வேறொருவரைப் போப்பாக்கினார். கிரகோரியை மீட்க வந்த நார்மன் படை ரோமையே சூறையாடியது. கிரகோரி அடுத்த ஆண்டு சலேர்னோவில் அகதியாக இறந்தார்.

மன்னர்களைக் கேட்டதற்கு இன்னொரு உதாரணம் தருகிறேன். இங்கிலாந்தின் ஜான் மன்னருக்கும் மூன்றாம் இன்னசென்ட்டுக்கும் கேன்டர்பரி பேராயர் நியமனத்தில் தகராறு. 1208 முதல் 1214 வரை இங்கிலாந்து முழுவதற்கும் வழிபாட்டுத் தடை. மணி அடிக்கவில்லை, செத்தவர்களைக் கோயில் நிலத்தில் புதைக்க முடியவில்லை. தண்டனை மன்னருக்கு, அனுபவித்தது குடியானவன். 1213இல் ஜான் பணிந்து, நாட்டையே போப்பிடம் ஒப்படைத்து, ஆண்டுக்கு 1,000 மார்க் கப்பத்துக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டே ஆண்டில் பிரபுக்கள் ஜானை மடக்கி மாக்னா கார்ட்டாவில் முத்திரை வைக்க வைத்தார்கள். யார் அதை ரத்து செய்தது? இன்னசென்ட். 1215 ஆகஸ்ட் 24. தன் குத்தகைக்காரனின் அதிகாரத்தை யாரும் குறைக்கக் கூடாதாம். அரசனுக்கு மேலான நீதி என்றீர்களே, அது கப்பம் கட்டிய அரசனுக்குக் காவலாக மாற எத்தனை மாதம் ஆனது பாருங்கள்.

மணியோசை

ஜான் பேராயராக ஏற்க மறுத்த அதே ஸ்டீவன் லாங்டன்தான் மாக்னா கார்ட்டா பேச்சுவார்த்தையில் நடுவில் நின்றவர். அவரைத் தேர்வு செய்து அனுப்பியவர் இன்னசென்ட். அந்த ஆவணத்தின் முதல் பிரிவே இங்கிலாந்துத் திருச்சபை சுதந்திரமாக இருக்கும் என்பது. ரத்து செய்த கையைப் பார்க்கிறீர்கள், அனுப்பி வைத்த கையைப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள்.

நெய்தல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். மணியோசை ஐந்தாம் நிக்கோலாஸைப் புகழ்ந்ததால் ஒன்று மட்டும். வல்லாவுக்குச் சம்பளம் கொடுத்து, வத்திக்கான் நூலகத்துக்கு விதை போட்ட அதே நிக்கோலாஸ் 1455இல் போர்ச்சுகல் மன்னருக்கு ஓர் ஆணைமடல் கொடுத்தார். ஆப்பிரிக்கக் கரையிலும் அதற்கு அப்பாலும் போகும் கடல் வழி, வணிகம், கிறித்தவரல்லாதவரைப் பிடித்து அடிமையாக்கும் உரிமை எல்லாம் போர்ச்சுகலுக்கு. அந்த வரிசை மடல்களிலிருந்து வளர்ந்ததுதான் பதுரவாதோ, அதாவது ஆயர்களை முன்மொழியும் உரிமையைப் போர்ச்சுகல் அரசருக்குக் கொடுத்த ஏற்பாடு. 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் தொடங்கியபோது ஆயரை முன்மொழிந்தது போர்ச்சுகல் அரசர் என்றால் அதன் வேர் இங்கே. எங்கள் முத்துக்குளித்துறைக் கோயில்களில் பழைய தலைமுறை வரை அந்த ஏற்பாட்டின் சண்டைகளைப் பேசுவார்கள். ஒரு கையெழுத்தில் நூலகம், இன்னொரு கையெழுத்தில் அடிமை வணிகம். இரண்டும் ஒரே மேசையில் போட்டவை.

மணியோசை

அந்த மடலை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்தப் போவதில்லை. பதுரவாதோவுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

வழிப்போக்கன்

எனக்கு ஒரு சந்தேகம். போப்புகள் அவிஞ்ஞோனில் 1309 முதல் 1377 வரை உட்கார்ந்திருந்த காலத்தில் இத்தாலியில் கலை செத்தா போயிற்று? சியன்னா நகர மாளிகையில் அம்புரோஜியோ லொரென்செத்தி 1338-39இல் நல்லாட்சியும் கொடுங்கோலும் என்று ஓர் அறையையே வரைந்தார். நகரை ஆண்ட ஒன்பது பேர் சபை காசு கொடுத்தது. நல்லாட்சி நடந்தால் சந்தையில் என்ன தெரியும், வயலில் என்ன தெரியும் என்று வரைந்திருக்கிறார். போப்பும் இல்லை, பேரரசரும் இல்லை. புளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்தை நடத்தியது கம்பளி வணிகர் சங்கம். அப்புறம் ரோம் எதற்கு?

மணியோசை

தம்பி, அந்தக் குவிமாடம் எழுந்த கோயிலை 1436இல் அர்ச்சித்தது திருத்தந்தை நான்காம் யூஜீன். ரோமிலிருந்து விரட்டப்பட்டு அப்போது புளோரன்ஸில் தங்கியிருந்தார். ஊரோடு ஊராக அவரும் அங்கே இருந்தார் என்பதற்காகச் சொன்னேன்.

புளோரன்ஸ் முதலில் ஆரம்பித்தது, சரி. ஆனால் 1420இல் ஐந்தாம் மார்ட்டின் திரும்பி வந்தபோது ரோம் பாழடைந்த ஊர். அதற்குப் பிறகு ஃப்ரா ஆஞ்செலிக்கோ வந்தார், பொட்டிச்செல்லி வந்தார், பிரமாந்தே, ரஃபேல், மைக்கேலாஞ்சலோ எல்லோரும் வந்தார்கள். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த திறமைகள் ஓரிடத்தில் சேர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றது ரோமில்தான்.

கணக்குப்பிள்ளை

ரோம் பாழடைந்த ஊர் என்றீர்கள். பாழாக்கியதில் ஒரு பங்கு அவர்களுக்கும் உண்டு. கொலோசியத்திலிருந்து 1452 ஒரே ஆண்டில் 2,500 வண்டிக்கு மேல் கல் எடுத்தார்கள். உங்கள் நிக்கோலாஸின் கட்டட வேலைக்குத்தான். பழைய பேதுரு கோயிலை இடித்த வேகத்துக்குப் பிரமாந்தேவுக்கு 'இடிப்பவர்' என்றே பட்டப்பெயர். பழம்பொருளைக் காக்கச் சொல்லிப் பத்தாம் லியோவுக்கு ரஃபேல் பெயரில் எழுதிய கடிதம் இருக்கிறது. முந்தைய போப்புகளே இந்தக் கட்டடங்களை அழிய விட்டார்கள் என்று போப்பிடமே சொல்கிறது.

தூரிகை

போப்பிடமே அப்படிச் சொல்ல முடிந்தது, அதையும் கவனியுங்கள். பல்லி இன்னும் கூரைக்குப் பதில் சொல்லவில்லை. மைக்கேலாஞ்சலோ விதிவிலக்கு என்று தள்ளிவிட்டுப் போனார். சரி, பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவருக்கு வாருங்கள்.

1527 மே 6 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லஸின் கூலிப்படை ரோமைச் சூறையாடியது. சுவிஸ் காவலர்கள் 189 பேரில் 147 பேர் செத்து, போப் கிளெமென்ட் மதிலுக்குள் கட்டிய உயர்ந்த நடைபாதை வழியாகச் சான்ட் ஆஞ்செலோ கோட்டைக்கு ஓடினார். அந்த அடிக்குப் பிறகு வந்தது இறுதித் தீர்ப்பு ஓவியம், 1536 முதல் 1541 வரை. அதில் பேதுரு திறவுகோலைக் கிறிஸ்துவிடம் திருப்பிக் கொடுப்பது போல நீட்டுகிறார். சிக்ஸ்டஸ் சுவரில் வாங்கிய அதே திறவுகோல். போப் மூன்றாம் பவுல் அதைப் பார்த்து ஏற்றுக்கொண்டார். பிரச்சாரம் என்றால் இது யாருக்கான பிரச்சாரம்?

சுவர்ப்பல்லி

உலகம் முடியும் நாளில் திறவுகோலுக்கு வேலை இல்லை. அதனால் திருப்பிக் கொடுக்கிறார். அதுவரை யார் கையில் இருக்கும் என்று படம் மறுக்கவில்லையே. மேலும் அந்தச் சுதந்திரம் எத்தனை நாள் இருந்தது? கோயில் ஓவியங்களுக்கும் விதி போட்ட திரெந்து பொதுச்சங்கம் 1563இல் முடிந்தது. சீக்கிரமே தானியெலே தா வொல்தெராவை அழைத்து அம்மண உருவங்களுக்குத் துணி கட்டச் சொன்னார்கள். மைக்கேலாஞ்சலோ 1564இல் செத்த கையோடு. சுவருக்குச் சொந்தக்காரன் யார் என்று அப்போது தெரிந்துவிட்டது.

தூரிகை

தானியெலே மைக்கேலாஞ்சலோவின் நண்பர், கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர். சுவரையே செதுக்கி எடுக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர் கட்டிய துணிகள் பெரும்பாலும் மேலோட்டமானவை. புனித கத்தரினாவையும் பிளாசியுவையும் மட்டும் பூச்சைப் பெயர்த்து மறுபடி வரைந்தார். 1994இல் முடிந்த சீரமைப்பில் பிற்காலத்தார் கட்டிய துணிகளை நிறைய அகற்றினார்கள், தானியெலேயுடையதை வரலாறு என்று விட்டுவைத்தார்கள். துணி கட்டுவதற்கு முன் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் நேப்பிள்ஸ் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் மார்ச்செல்லோ வெனுஸ்தி 1549இல் வரைந்த நகல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் பல்லி, அந்தப் படத்தை எந்தப் போப் கேட்டு வாங்கியிருப்பார் என்று.

சுவர்ப்பல்லி

பார்த்திருக்கிறேன். அந்த நகலுக்குக் காசு கொடுத்தவர் கர்தினால் அலெசாந்த்ரோ ஃபர்னேசே, மூன்றாம் பவுலின் பேரன். போப்பின் பேரன் என்று தட்டச்சு செய்யும்போதே என் வாதம் முடிந்துவிடுகிறது.